ஊசி கொடுத்தால் போதை வளருமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பெருங்குடி ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், என் பையன் உங்ககிட்டதான் மூணாவது படிச்சான்" என்றார். முத்து முத்தாக எழுதும் பையன். இப்போது வயது இருபத்தாறு. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறானாம். கையெல்லாம் புண். ஓர் ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார்கள் என்று திரும்பி வந்தவன், அப்புறம் எங்குமே போகவில்லை.

மாத்திரை விழுங்குவதற்காகச் செய்தது. அதிலுள்ள மாவுப்பொருள் முழுதாகக் கரையாது. நரம்பை அடைக்கும், சீழ் பிடிக்கும், நுரையீரல் வரை போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே ஊசியை நாலு பேர் பகிர்வது. எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அப்படித்தான் பரவுகின்றன. நம் நாட்டில் பெரியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம்தான். ஊசியில் போதை ஏற்றுவோரிடம் 2021 அரசுக் கண்காணிப்பில் அது சுமார் 9 சதவீதம்.

இதைக் குடும்ப குரூப்பில் போட்டதும் என் தம்பி கேட்டான்: "அரசாங்கமே இலவசமா ஊசி கொடுக்குதாமே, அது போதையை வளர்க்கிறது இல்லையா அக்கா?" ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. ஊசி கிடைக்காவிட்டால் அவன் போதையை விடமாட்டான், பக்கத்தில் இருப்பவனுடைய ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்வான். புது ஊசி வாங்க வருபவனிடம்தான் பேச முடியும், ரத்தப் பரிசோதனை செய்ய முடியும், நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெநார்ஃபின் மாத்திரைக்கு மாற்ற முடியும். 2017 எச்.ஐ.வி. சட்டமும், நோய்த்தொற்றைத் தடுக்கச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமல்ல என்கிறது. பழைய ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்வதால் குப்பை அள்ளுகிறவர்கள் கையில் குத்துவதும் குறையும். குப்பைக் கிடங்கு பக்கத்திலேயே வாழ்ந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை 1986இல் முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். நோயாளிகளை எல்லோரும் ஒதுக்கிய காலத்தில் டாக்டர் சுனிதி அவர்களுக்காகவே ஒரு மையம் தொடங்கினார். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, திட்டுவதில் அல்ல.

என் பிள்ளைகளிடம் மூன்று வேண்டுகோள். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை தராதீர்கள், ஆனால் புது சிரிஞ்சு கேட்பவனை விரட்டாதீர்கள். நர்ஸாக இருப்பவர்களே, முதலில் புண்ணுக்குக் கட்டுப் போடுங்கள், புத்தி அப்புறம் சொல்லலாம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. ஆலோசனைக்கு 1097, போதை மீட்புக்கு 14446. ஹெபடைடிஸ் சி-க்கு அரசுத் திட்டத்தில் 2018 முதல் இலவச மாத்திரை உண்டு. பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும்.

நாளைக் காலை அந்தப் பையனோடு ஆஸ்பத்திரிக்கு நானும் போகிறேன். "டீச்சர் வந்தா வரேன்" என்று சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்