ஆயிரம் பாக்கெட்டா, ஐம்பதா?

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கில் இருக்கும் தம்பி ஒருவர், பகலில் அலுவலகம், இரவில் தூண்டில் சாமான் இணைய விற்பனை என்று இறங்கியிருக்கிறார். தூண்டில் தொழிலுக்குப் பெயர்போன சீனாவின் வெய்ஹாய் நகரிலிருந்து இரண்டு விலை கேட்டு வைத்திருந்தார். ரப்பர் மீன் இரை 50 பாக்கெட் எடுத்தால், எல்லாச் செலவும் சேர்த்து ஒன்று 2.40 வெள்ளி. 1,000 எடுத்தால், வரிக்கு முன் 90 காசு. “அண்ணே, 90 காசுக்குக் கிடைப்பதை 2.40க்கு வாங்க மனசு வருமா?” என்றார்.

எனக்கு வரும்.

அந்த 1,000 பாக்கெட்டில் ஐந்து நிறம், நிறத்துக்கு 200. சரக்கின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டுவதால் இறக்குமதியின்போதே 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 900 வெள்ளி 981 ஆகிறது. ஜிஎஸ்டிக்குப் பதிந்துகொள்ளாத சிறு வியாபாரி அந்த வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஐந்தில் இரண்டு நிறம்தான் ஓடியது என்று வையுங்கள். விற்றது 400 பாக்கெட். 981ஐ 400ஆல் வகுத்தால் 2.45 வெள்ளி! மிச்சம் 600 பாக்கெட் கட்டிலுக்கு அடியில்.

அதற்காக மொத்தக் கொள்முதலே கூடாது என்பதல்ல. ஈயக்குண்டுக்கு நிறமும் இல்லை, நாகரிகமும் இல்லை. தூண்டில் போடுபவர் பாறை இடுக்கில் இழந்துவிட்டு மறுபடி வாங்குவார். அதைத் தாராளமாக மொத்தமாக எடுக்கலாம். தூண்டில் முள்ளும் அப்படித்தான், ஓடும் அளவு தெரிந்துவிட்டால். நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிக்காமல் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். நைலான் நரம்பு வெயில் பட்டால் வலுவிழக்கும்.

ரப்பர் இரை வேறு சங்கதி. நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி என்பதால் அதற்கு இங்கே நல்ல கிராக்கி உண்டு. ஆனால் பீகாக் பாஸ் பிடிப்பவர்கள் இந்த மாதம் கேட்கும் நிறத்தை அடுத்த மாதம் கேட்க மாட்டார்கள். வெவ்வேறு வகைகளை ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி உருகவும் செய்யும்.

முதல் 50 விற்றுத் தீர்ந்ததை வைத்து மட்டும் துள்ளக்கூடாது. அதில் பாதியை நண்பர்களே வாங்கியிருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அதே நிறத்தை இரண்டாம் முறை கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். கேட்டாலும் அடுத்தது 200 போதும். மாதிரிக்கு அனுப்பும் சரக்கைப் பொறுக்கி எடுத்து அனுப்புவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அதனால் முதல் தவணையில் இரண்டு பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருங்கள். இரண்டாவது பெட்டி வந்ததும் பக்கத்தில் வைத்து மென்மையையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு 1,000 பற்றிப் பேசலாம்.