ஊர்க் கட்டுப்பாடும் கடைக்காரரும்

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் சிலர் தின்பண்டம் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். கையில் காசு இருந்தது, கடையில் சரக்கும் இருந்தது. கடைக்காரர் தர மறுத்தார். ஊர்க் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்தாகிவிட்டது, உங்கள் தெருவுக்கு இனி யாரும் எதுவும் விற்கமாட்டார்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார். என்ன கட்டுப்பாடு என்று பிள்ளைகள் விளங்காமல் கேட்பது உட்பட எல்லாம் காணொளியாகி நாடெங்கும் பரவியது. அதிகாரிகள் கடைக்கு சீல் வைத்தார்கள். கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஊர்ச் சட்டம் இவ்வளவு விரைவாக நடந்து பார்ப்பது அபூர்வம்.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுப்பாட்டைப் போட்டது ஊர். அதை நிறைவேற்றியது கடை. மளிகை, டீ, முடிவெட்டு, சலவை ஆகியவற்றின் கதவைச் சாத்தாமல் எந்த ஊரும் எவரையும் ஒதுக்கி வைக்க முடியாது. தீண்டாமையின் வரலாற்றில் கோயிலையும் குளத்தையும் பற்றி நாம் எழுதியது அதிகம், கல்லாப்பெட்டியைப் பற்றி எழுதியது குறைவு.

சட்டமும் கடைக்கு வந்து சேரத் தாமதமானது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றையும் குளத்தையும் அலுவலகத்தையும் அணுகவும் உரிமை கேட்டது. 1938-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் வந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் இன்னும் ஓரடி முன்னே போனது. பொதுச் சொத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்வது ஒப்பீட்டளவில் எளிது. கடை அப்படியல்ல. என் கடை, என் முதல், என் இஷ்டம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லத் திணற வேண்டியிருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941-ல்தான் ஒழிந்தது. 1957-ல், குடியரசு பிறந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு, திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த சாதிப் பெயரை எடுக்க வைக்கப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள்.

‘என் இஷ்டம்’ என்ற வாதத்துக்கு உரிய பதிலை அம்பேத்கர் சொன்னார். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்று 15(2) என்று நாம் அறியும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடம் எதிலும் சாதி, மதம், பால், பிறந்த இடம் பார்த்து எவரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சலவைக்கடையும் சலூனும் இதில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. கடை என்பதை மிக விரிந்த பொருளில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். நாடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமே கடை. உள்ளே விட்டால் மட்டும் போதாது, விலைக்கு உடன்பட்டால் சேவையையும் செய்தாக வேண்டும். என் பார்வையில் நமது அரசியல் சட்டத்தின் மிகக் கறாரான வணிக விதி இதுதான். ஷட்டரைத் தூக்கிய கணத்திலேயே வாடிக்கையாளரைச் சாதி பார்த்துப் பொறுக்கும் உரிமையைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இதைப் பாத்திரம் பண்டம் வரை இறக்கிக் கொண்டுவந்தது. 1976 திருத்தத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அதன் 4-வது பிரிவு, உணவகத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையே குற்றம் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம்முடைய டீக்கடை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கண்ணாடி கிளாஸ். காலனியிலிருந்து வருகிறவருக்குச் சிரட்டை, அல்லது கூரையில் செருகி வைத்த தம்ளர். நின்றோ குந்தியோ குடித்துவிட்டு, தானே கழுவிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பிறகு வழக்குக்குப் பயந்து சில இடங்களில் தம்ளர் மறைந்தது, தூக்கியெறியும் கப் வந்தது. அதே பாய்லர், அதே மாஸ்டர், கப் மட்டும் ஆளைப் பார்த்து வரும். கேட்டால் சுகாதாரம் என்பார்கள்.

பேருந்து நிலையத்து டீக்கடையில் இந்த வித்தை செல்லுபடியாகாது. யார் எந்தத் தெரு என்று மாஸ்டருக்குத் தெரியாது. பெரிய ஊர்களில் சட்டத்தைவிடக் கூட்டமே அதிகம் சாதித்திருக்கிறது என்று சொன்னால் வழக்கறிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த கிராமத்தில்தான் சட்டத்தின் தேவை அதிகம். அங்கேதான் அது மெலிந்தும் இருக்கிறது. 4-வது பிரிவின் தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் அபராதம். 1976-ன் 500 ரூபாய்!

கிராமத்துக் கடைக்காரரை வில்லனாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடை நிற்கும் இடம், ஊற்றும் பால், எழுதும் கடன் கணக்கு எல்லாம் ஆதிக்கம் உள்ள தெருவின் கையில். முடிதிருத்துகிறவரின் நிலை இன்னும் இறுக்கமானது. அவரும் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்தவர். காலனிப் பையனுக்குக் கத்தரி எடுத்தால் மறுநாள் அவருடைய நாற்காலி காலி. அதனால் அந்தப் பையன் டவுனுக்குப் பஸ் ஏறுகிறான். இது மன்னிப்புக்கான வாதம் அல்ல, குற்றம் குற்றமே. ஆனால் கடைக்காரருக்கு ஊரைப் பற்றி இருக்கும் பயத்தைவிடச் சட்டத்தைப் பற்றிய பயம் குறைவாக இருக்கும்வரை ஊர்தான் ஜெயிக்கும்.

இதற்கான மருந்தும் அந்த 1955 சட்டத்திலேயே கிடக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தவரைச் சாதிவிலக்கு செய்வதை அதன் 7-வது பிரிவு தண்டிக்கிறது. அதாவது, எல்லாருக்கும் விற்கிற கடைக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு. பொருள் விற்கவோ சேவை செய்யவோ மறுத்துத் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்ய 8-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமோ பொருளாதாரப் புறக்கணிப்பை, அதைச் செய்வதாக மிரட்டுவதைக்கூட, குற்றமாக்கிவிட்டது.

சமத்துவத்தின் கணக்கு கல்லாவுக்கு உட்புறமும் நீண்டிருக்கிறது. 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தால் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்குழு வேண்டும், அதற்குக் குறைந்த கடைகளின் பெண்கள் மாவட்டக் குழுவிடம் போகலாம். நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டம் போட்டது. இருக்கைக்கே சட்டம் தேவைப்பட்டது என்பதைத் தனியே யோசிக்க வேண்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. சின்ன டீக்கடைகூட உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிச் சுவரில் மாட்டுகிறது. அந்தத் தாளிலும், உள்ளாட்சி தரும் உரிமத்திலும், சாதி பார்த்து விற்க மறுத்தால் உரிமம் போகும் என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்ல நான்கு பேர் வரும்போது, எதிர்த்துப் பேசத் துணிவில்லாத கடைக்காரர் சுவரைக் கைகாட்டி, ‘லைசென்ஸ் போயிடும்ணே’ என்று சொல்லவாவது அது உதவும்.