வெள்ளோட்டம் கப்பலுக்கு மட்டுமா?

புதுத் தேர் செய்து முடித்த ஊரார், சுவாமியை எழுந்தருளச் செய்யுமுன் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். அவ்வெள்ளோட்டத்தில் அச்சும் சக்கரமும் மட்டுமா பரீட்சிக்கப்படுகின்றன? வடம் பிடிப்போரின் ஒற்றுமையும், முட்டுக்கட்டை போடுவோனின் கைத்திறமையும் அன்றே வெளியாகும். கப்பல் விஷயத்திலும் நியாயம் இதுவே. ஆயினும் கப்பலைச் சோதித்துவிட்டு மாலுமிகளை மறந்த பேதைமைக்கு உலகம் பெருவிலை கொடுத்திருக்கிறது.

1912 ஏப்ரல் 2ல் பெல்பாஸ்டில் டைட்டானிக் கப்பலின் வெள்ளோட்டம் ஒரே பகலில் முடிந்தது. வேகம் பார்த்தனர், திருப்பிப் பார்த்தனர், முழு வேகத்தில் ஓடுகையில் நிறுத்தியும் பார்த்தனர். அன்றே சர்க்கார் பரிசோதகர் ஓராண்டுக்குச் செல்லும் சான்றிதழை வழங்கினார். ஆனால் ஏப்ரல் 10ல் சவுதாம்டனிலிருந்து புறப்பட்ட ஊழியரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளோட்டத்தைக் காணாதவர்கள்! அன்று காலை இரண்டே படகுகளை இறக்கி ஏற்றியதோடு அவர்களுடைய பயிற்சி முடிந்தது.

ஏப்ரல் 14 இரவு கப்பல் பனிப்பாறையில் மோதியபின், 65 பேர் ஏறத்தக்க படகுகளிற் சில பாதியும் நிரம்பாமல் இறக்கப்பட்டன. ஏற மறுத்த பிரயாணிகளும் உண்டென்பது மெய்யே. ஆனால் நிறைபாரத்தோடு இறக்கினால் தாங்குமோ என்று இரண்டாம் அதிகாரி லைட்டாலரே ஐயுற்றார். தாங்கும் என்பதைக் கப்பல் கட்டியோர் முன்னரே ஒலிம்பிக் கப்பலின் படகில் 65 பேர் எடையை ஏற்றிச் சோதித்து அறிந்திருந்தனர். அச்சோதனையின் பயன் படகிறக்க நின்றவரின் கைக்கு வந்து சேரவில்லை. இருந்த படகுகளில் 1,178 பேருக்கு இடமுண்டு. பிழைத்தோரோ 700 பேருக்குச் சற்று அதிகம்.

புதுக் கப்பல் சேவைக்கு வரும்போதும், புது மாலுமிகள் அமர்த்தப்படும்போதும், புறப்படுமுன்னரே தீயணைப்புப் பயிற்சியும் படகுப் பயிற்சியும் நடத்தவேண்டுமென்று இன்று சர்வதேச விதி இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தாற் போதாது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு வெள்ளோட்டத்தைச் சுருக்கும் ஆசை எந்தக் கம்பெனிக்கும் எந்த மந்திரிக்கும் எளிதில் வரும். நம் விக்ராந்த் 2021 ஆகஸ்டில் கொச்சியிலிருந்து முதற் சோதனைக்குக் கிளம்பிப் பன்முறை கடலோடி, 2022 செப்டம்பர் 2ல்தான் கடற்படையிற் சேர்ந்தது. அதன் தளத்தில் போர்விமானம் இறங்கியது 2023 பிப்ரவரியில். இதைத் தாமதமென்பாரை நாம் ஒப்போம்.

பிரயாணிக் கப்பல்களுக்கும் இந்தப் பொறுமை வேண்டும். வெள்ளோட்டத்தில் எத்தனை படகுகள் இறக்கப்பட்டன, எத்தனை நிமிஷமாயிற்று, அன்றிருந்த மாலுமிகளில் எத்தனை பேர் இன்றும் கப்பலில் இருக்கின்றனர் என்ற விவரத்தை ஏறும் வழியிலேயே எழுதி ஒட்டச் சட்டம் செய்யவேண்டும். நம் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்பார்களா?