மூக்கு அடைத்தே கிடந்தால் வாசனை நரம்புகள் என்னவாகும்?

சளி பிடித்த நாளில் தாளிப்பு வாசனைகூட எட்டாது. ‘மூக்கு அடைச்சிருக்கு, எதுவுமே ருசிக்கல’ என்று தட்டை ஒதுக்கிவிடுவோம். நாலு நாளில் எல்லாம் சரியாகும், மறந்தும் போகும். ஆனால், கரோனாவுக்குப் பிறகு காய்ச்சல் போய், சளியும் போய், வாசனை மட்டும் மாதக்கணக்கில் திரும்பாதவர்கள் உலகம் முழுக்க உருவானார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது: இத்தனை நாள் வேலையே இல்லாமல் கிடந்தால், மூக்கில் இருக்கும் நரம்பு செத்துப்போய்விடாதா?

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகவே எலிகளிடம் கேட்டுவருகிறார்கள். கிடைத்த பதில் கொஞ்சம் விசித்திரமானது.

முதலில், இந்த நரம்புகள் எங்கே இருக்கின்றன? மூக்கின் உச்சியில், கண்களுக்கு நடுவே உள்ளே தள்ளி, மெல்லிய தோல் போன்ற ஒரு படலத்தில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. வாசனை மூலக்கூறைப் பிடிக்கும் ‘ஏற்பி’ ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு வகைதான் இருக்கும். மனிதர்களிடம் இப்படிச் சுமார் 400 வகைகள் உண்டு. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மூளை நரம்புகளில் பெரும்பாலானவை போனால் போனதுதான். மூக்கின் கதை வேறு. வெளிக்காற்று, தூசி, கிருமி எல்லாம் நேரடியாகப் படும் இடம் என்பதால், இந்த செல்கள் மடிவதும், அடியில் இருக்கும் தண்டுசெல்களிலிருந்து புதியவை முளைப்பதும் ஆயுள் முழுக்க நடக்கிறது.

ஒரு துவாரத்தை அடைத்த சோதனை

பிறந்து சில நாள்களே ஆன எலிக்குட்டியின் ஒரு மூக்குத் துவாரத்தை மட்டும் மூடிவிடுவார்கள். ஒரே உடலில் ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் சாப்பாடு. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், மூடிய பக்கத்தில் வாசனையை வாங்கிக்கொள்ளும் மூளைப்பகுதி (‘முகர்குமிழ்’ என்கிறார்கள்) ஏறக்குறைய கால் பங்கு சிறுத்திருக்கும். அங்கே டோபமைன் தயாரிக்கும் நொதியும் குறைந்துவிடும். வளர்ந்த எலியில் அடைப்பை எடுத்தால், அந்த நொதி மீண்டும் ஏறுகிறது. சோதனையில் ஒரு ஓட்டையும் உண்டு: எல்லா மூச்சும் திறந்த பக்கம் வழியாகவே போவதால், அதுவும் இயல்பான மூக்கு அல்ல.

குமிழ் சிறுத்தது சரி, மூக்கிலேயே இருக்கும் நரம்புகள்? இங்கேதான் சுவாரசியம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2001-இல் ஒரு சாமர்த்தியமான வேலை செய்தார்கள். பெண் சுண்டெலியின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றுதான் வேலை செய்யும். ஒரு எக்ஸில் மட்டும், வாசனையை மின்சமிக்ஞையாக மாற்றும் மரபணுவைச் செயலிழக்க வைத்தார்கள். அந்த எலியின் மூக்கில் பாதி நரம்புகள் பேசும், மீதி ஊமை. நாளாக ஆக ஊமை நரம்புகள் குறைந்துகொண்டே போயின. ஆனால், துவாரத்தை மூடிய பக்கத்தில் அவை பிழைத்துக்கொண்டன!

அதாவது, சும்மா இருப்பது மட்டுமே நரம்பைக் கொல்வதில்லை. பக்கத்து நரம்பு பேசிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. மொத்த வகுப்பும் அமைதியாக இருந்தால் யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்பதுபோல.

இன்னொரு பக்கம், அடைப்புக்குள் இருக்கும் நரம்புகள் காதைத் தீட்டிக்கொள்கின்றன. மூடிய பக்கத்து செல்களை எடுத்து வாசனை காட்டினால், அவை வழக்கத்தைவிட வலுவாகத் துடிக்கின்றன. வானொலி சரியாகக் கேட்காதபோது நாம் சத்தத்தைக் கூட்டி வைப்போமே, அதே வேலை.

கரோனா வேறு, அடைப்பு வேறு

இதை வைத்து ‘கரோனாவில் போன வாசனை தானாக வந்துவிடும்’ என்று சொல்லிவிட முடியாது. கரோனா வைரஸ் முக்கியமாகத் தாக்கியது நரம்புகளை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களை. அந்தக் கலவரத்தில் நரம்புகள் தங்கள் ஏற்பிகளைத் தயாரிப்பதையே குறைத்துக்கொண்டன. சிலருக்கு அழற்சி நீண்ட நாள் நீடித்தது. காற்று வராதது அங்கே பிரச்சினையே இல்லை.

மனிதர்களை வைத்தும் ஒரு சோதனை நடந்தது. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிலர் ஒரு வாரம் மூக்கை அடைத்தபடி இருந்தார்கள். வாசனைக்கு மூளை காட்டும் எதிர்வினை மாறியது. அடைப்பை எடுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது.

ஆனால், வாழ்நாள் முழுக்க ‘மூக்கு அடைபட்டு’ வாழ்பவர்கள் உண்டு. புற்றுநோயால் குரல்வளையை முழுதாக எடுத்தவர்கள் கழுத்தில் உள்ள துளை வழியாகவே மூச்சு விடுகிறார்கள். மூக்கு வழியே காற்று போவதே இல்லை. மூக்கு இருக்கிறது, வாசனை இல்லை. நெதர்லாந்து மருத்துவர்கள் இவர்களுக்கு எளிய பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். உதட்டை மூடியபடியே, சபையில் கொட்டாவியை அடக்குவதுபோலத் தாடையைக் கீழே இறக்க வேண்டும். வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, மூக்கு வழியே காற்று உள்ளே இழுபடும். வாசனை இழந்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்பியது. நரம்புகள் அங்கேயே காத்திருந்தன, காற்றுதான் வரவில்லை.

வைரஸால் வாசனை இழந்தவர்களுக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2009-இல் சோதிக்கப்பட்ட முகர் பயிற்சி இருக்கிறது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நான்கையும் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் செலவும் குறைவு, பக்க விளைவும் பெரிதாக இல்லை. மூக்கில் சதை வளர்ந்து அடைத்திருந்தால் மட்டும் முகர்ந்து பயனில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

அதுவரை வீட்டில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். வாசனை தெரியாதவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் அந்த எச்சரிக்கை வேலை செய்யாது. கசிவைக் கண்டு அலறும் கருவி ஒன்றை அடுப்பருகே தரையை ஒட்டிப் பொருத்திவிடலாம். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.