எஞ்சின் வாங்குவது யார், எண்ணெய் ஊற்றுவது யார்?

கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கற்பிட்டியிலுள்ள தனது மச்சானுடன் கூட்டுச் சேர்ந்து படகொன்று வாங்கப் போகிறார். களப்பைச் சுற்றிப் பார்க்கவும் டொல்பின் பார்க்கவும் வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காம். முழாரபா முறையில் முதல் நண்பருடையது, உழைப்பு மச்சானுடையது. இழுபறி எஞ்சினில்தான். பின்னால் பூட்டும் அவுட்போர்ட்டா, படகுக்குள்ளேயே பொருத்தும் டீசல் எஞ்சினா? "எது மலிவோ அதைப் போட்டு விடுவோம்" என்கிறார் நண்பர். வியாபாரிகளாகிய நம்மில் அநேகர் சொல்லும் பதில் அதுதான்.

இதை அறிய கற்பிட்டி வரை போக வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொஞ்சம் நடந்தால் தெஹிவளைக் கரை. மணலில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளின் பின்பலகையில் அவுட்போர்ட்தான் இருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் துறைமுகத்துக்குப் போனாலோ, பலநாள் படகுகள் எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் டீசல் எஞ்சின். காரணம் எளிது. மணலில் இழுக்கும் படகுக்கு விசிறியைத் தூக்கி மடக்க முடிய வேண்டும். உள் எஞ்சினின் தண்டு படகின் அடியைத் துளைத்து வெளியே வருகிறது. அதற்கு ஆழமும் வேண்டும், கட்டி வைக்கத் துறையும் வேண்டும். ஆனால் கிழமைக்கணக்கில் ஓடும் படகுக்கு டீசலின் சிக்கனத்தை வேறெதுவும் எட்டாது.

கற்பிட்டிக் களப்போ ஆழமற்றது. டொல்பின் பருவமும் ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவுட்போர்ட்டைக் கழற்றி வீட்டில் பூட்டி வைக்கலாம். உள் எஞ்சின் படகோடு சேர்ந்து உப்புக் காற்றில் கிடக்கும். ஆகவே மச்சானுக்கு அவுட்போர்ட்தான் சரி. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றும் பெரிய படகாக இருந்தால் நான் டீசலைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் எந்த அவுட்போர்ட்? நண்பரோடு எனக்குத் தகராறு வந்தது இங்கேதான். அவர் பார்த்து வைத்திருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். விலை குறைவு, பாரம் குறைவு, கரையோரத்தில் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அது எண்ணெயை அள்ளிக் குடிக்கும். ஊற்றுவதில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். போர் ஸ்ட்ரோக் வாங்கும்போது விலை கூட, ஓடும்போது செலவு குறைவு.

மீன்பிடியில் நடப்பதைப் பாருங்கள். பிடித்த மீனை விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிக்கிறார்கள், மிச்சத்தைத்தான் முதலாளியும் தொழிலாளியும் பங்கிடுகிறார்கள். மலிவான எஞ்சின் வாங்கி முதலாளி மிச்சம் பிடிக்கும் காசு அவரது பையிலேயே இருக்கிறது. அந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் எண்ணெயோ நாளாந்தம் இருவர் பங்கிலும் குறைகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியபோது, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் அவுட்போர்ட்காரர்கள் படகைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தார்கள். பங்குக்குப் போன தொழிலாளிக்கு அந்த நாட்களில் என்ன மிஞ்சியிருக்கும்?

நண்பரின் ஒப்பந்தமும் இதே மாதிரிதான். எண்ணெய்க் காசைக் கழித்துவிட்டுத்தான் இலாபம். நாளை கூட்டுப் பிரிந்தால் எஞ்சின் நண்பருக்கு. அதுவரை அது குடித்த எண்ணெயில் பாதி மச்சானின் உழைப்பு. ஹராம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள். இருவரும் கணக்கைத் தெரிந்துகொண்டு பொருந்திக்கொண்டால் சரி. ஆனால் மச்சானுக்கு இந்தக் கணக்கை யாரும் காட்டவில்லை.

கடையிலேயே ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, ஒரு பருவத்துக்கு எத்தனை மணித்தியாலம் ஓடும், மணிக்கு எத்தனை லீற்றர் என்று இரண்டு எஞ்சினுக்கும் எழுதச் சொன்னேன். லீற்றர்க் கணக்கு நண்பருக்குத் தெரியவில்லை. மச்சானுக்கு கோல் எடுத்தார். அவர் மனதிலிருந்தே சொன்னார்.