உதவி ஹெச்.எம். இருக்காரு, பணியிடம் எங்கே?



ஸ்மார்ட் கிளாஸ் திறப்பு விழா போட்டோ போட்டா நம்ம பக்கத்துல லைக் குவியுது. போடுறதும் ஐ.டி. விங்ல இருக்கிற நாமதான், தப்பில்லை. ஆனா அந்தப் போட்டோவோட ஓரத்துல, கையில் சாவிக்கொத்தோட, 'எப்ப முடியும், கிளாஸுக்கு எப்ப போறது'ன்னு நிக்கிற ஒருத்தரை யாரும் டேக் பண்றதில்லை. அவர்தான் உதவித் தலைமை ஆசிரியர். இன்னிக்கு அவரைப் பத்தி.

நான் பாலக்கரைப் பையன். படிச்சது திருச்சியில ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, பேர் வேண்டாம். நான் பிளஸ் டூ போன ஜூன்ல ஹெச்.எம். நாற்காலி காலி. பழையவர் ஓய்வு பெற்றுட்டார், புதியவர் கலந்தாய்வுல வரணும். அவர் வர்றதுக்குள்ள அரையாண்டுத் தேர்வே முடிஞ்சிருச்சு. அதுவரைக்கும் 'பொறுப்பு' எங்க இயற்பியல் சார். அவர்தான் உதவி ஹெச்.எம்.

காலையில கேட்ல லேட்டா வர்றவங்களைப் பிடிக்கிறது, எந்த டீச்சர் லீவோ அந்த வகுப்புக்கு ஆள் மாத்திப் போடுறது, எமிஸ் பதிவு, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு சரிபார்க்கிறது, தண்ணி மோட்டார் ரிப்பேர், சண்டைக்கு வந்த அப்பாவை உட்காரவெச்சுப் பேசுறது. இதுக்கு நடுவுல எங்களுக்கு ஒளியியல் நடத்தணும். சாக்பீஸை எடுத்தாலே வாசல்ல ஆபீஸ் அண்ணன் வந்து நிப்பார்.

தீபாவளிக்கு அப்புறம் என் பெஞ்ச் நண்பன் ஒருத்தன் பள்ளிக்கு வரலை. காந்தி மார்க்கெட்ல ராத்திரி லோடு இறக்கப் போயிட்டான். வருகைப் பதிவேட்டுல தொடர்ந்து நாலு நாள் அவன் இல்லைன்னு பார்த்ததும், சார் விடியக்காலையில மார்க்கெட்டுக்கே வண்டியை விட்டுட்டார். மூட்டைகளுக்கு நடுவுல அவனைத் தேடிப் பிடிச்சு, டீ வாங்கிக் கொடுத்துப் பேசி, அன்னிக்கு மதியமே வகுப்புல உட்காரவெச்சார். இன்னிக்கு அவன் துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில சூப்பர்வைசர்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எங்களுக்கு இயற்பியல் சிலபஸ் முடியவே இல்லை. என் மார்க்கை இங்க எழுதப் போறதில்லை! ஒரே ஆளை ரெண்டு வேலையில நிறுத்தினா ஒரு பையன் திரும்பி வருவான், வகுப்பு முழுக்கப் பாடத்தை இழக்கும். இதுக்கு 'அர்ப்பணிப்பு'ன்னு பேர் வெச்சுக் கைதட்டிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

நம்ம அரசுப் பள்ளிகள்ல உதவித் தலைமை ஆசிரியர்ங்கிறது தனிப் பணியிடமே கிடையாது, கூடுதல் பொறுப்பு மட்டும்தான். மூத்த ஆசிரியர் ஒருத்தர் தலையில வைக்கிறாங்க. அதுக்குன்னு தனி ஊதிய நிலை இல்லை. அந்த மூத்தவர் முதுகலை ஆசிரியரா, பட்டதாரி ஆசிரியரான்னு ஒரு இழுபறி வேற.

பொறுப்பு மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருக்கு. 2022-ல நான் முதல்வன், புதுமைப் பெண், 2024-ல தமிழ்ப் புதல்வன். நல்ல திட்டங்கள்தான். ஆனா ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரு பொண்ணு அரசுப் பள்ளியில படிச்சது பதிவுல சரியா இருந்தாத்தான் கல்லூரியில அவளுக்கு மாசம் 1,000 ரூபாய். அந்தப் பதிவைச் சரிபார்க்க பள்ளியில யாரோ ஒருத்தர் உட்காரணுமே?

வேற இடத்துல எப்படின்னு பாருங்க. கேந்திரிய வித்யாலயாவுல துணை முதல்வர்னு தனிப் பதவியே இருக்கு. முதுகலை ஆசிரியருக்கு சம்பளம் லெவல் 8, துணை முதல்வருக்கு லெவல் 10. மலேசியாவுல தமிழ்ப்பள்ளிகள்லயே தலைமையாசிரியருக்குக் கீழ மூணு துணைத் தலைமையாசிரியர்கள்: நிர்வாகத்துக்கு ஒருத்தர், மாணவர் நலனுக்கு ஒருத்தர், புறப்பாடத்துக்கு ஒருத்தர். மார்க்கெட்டுக்குப் போய்ப் பையனைக் கூட்டிட்டு வர்றது அங்க மாணவர் நலன் பார்க்கிறவரோட கவலை. கேரளாவுல 2019-ல காதர் கமிட்டி அறிக்கைக்கு அப்புறம், மேல்நிலைப் பிரிவும் உயர்நிலைப் பிரிவும் ஒரே வளாகத்துல இருந்தா பிரின்சிபால்தான் தலைவர், உயர்நிலை ஹெச்.எம். துணை முதல்வர்னு மாத்தினாங்க. எதிர்ப்பு, போராட்டம் எல்லாம் இருந்துச்சு. ஆனா யார் எதுக்குப் பொறுப்புங்கிறது எழுத்துல வந்துச்சு.

'காசு எங்க இருக்கு?'ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாள்ல வேண்டாம், ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல படிக்கிற மேல்நிலைப் பள்ளிகள்ல ஆரம்பிக்கலாம். அதுவும் முடியலைன்னா முதல்ல அவரோட பாடவேளையைப் பாதியாக் குறைங்க, மீதி வகுப்புக்கு ஒரு ஆசிரியரைப் போடுங்க. பணிப் பட்டியலை அரசாணையில எழுதுங்க. தனிப் பதவின்னு வந்தா சிபாரிசும் சேர்ந்து வரும்னு எனக்கும் தெரியும். அதனால கலந்தாய்வு வழியா மட்டும்தான் நிரப்பணும், நம்ம கட்சிக்காரங்க உட்பட யாரோட லெட்டர்பேடும் செல்லக்கூடாது.

உங்க தெரு அரசுப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். நம்ம தோழர்கள் நிறைய பேர் வீட்டுல அக்கா, அண்ணி உறுப்பினரா இருப்பாங்க. அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க: "நம்ம உதவி ஹெச்.எம்.முக்கு வாரத்துக்கு எத்தனை பீரியடு? அதுல எத்தனை நடத்த முடியுது?" பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதவெச்சு, பள்ளிப் பேரோட நம்ம வார்டு குழுவுக்கு அனுப்புங்க. கோரிக்கை மனுவுக்கு அந்தக் கணக்குதான் வேணும். பாலக்கரை கணக்கை நான் எடுக்கிறேன்.

#உதவித்தலைமைஆசிரியர் #அரசுப்பள்ளி #திருச்சி