நேரசூசியில் ஆங்கிலம், ஆசிரியர் எங்கே?

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. 3ஆம் தரத்திலிருந்து அது ஒரு பாடம். ஆனால் எமது தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அது நேரசூசியில் மட்டுமே இருக்கிறது.

நியமனம் பெற்று ஆசிரியர் வருகிறார். தங்குவதற்கு விடுதி இல்லை. பஸ்ஸை விட்டிறங்கி மலையேற வேண்டும். சில காலத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அதன்பின் வேறு பாட ஆசிரியர் ஒருவர் புத்தகத்தைப் பார்த்தெழுதச் சொல்கிறார். பிள்ளை எழுத்தை வரைகிறது. பேச வாய் வருவதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு டியூசன் உண்டு. நாட்சம்பளத்தில் வாழும் எமக்கு அதற்கு வழியேது?

உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள் எமது லயங்களிலேயே இருக்கிறார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். சொந்த வலயத்தில் ஐந்தாண்டு சேவை என்ற நிபந்தனையோடு நியமிக்க வேண்டும். ஆசிரியர் விடுதிக்குத் தோட்ட நிர்வாகங்கள் காணி வழங்க வேண்டும்.

பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் எத்தனை மாதமாக இருக்கிறதென்று கேளுங்கள். பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியச் செய்யுங்கள். அந்தப் பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். சம்பளத்துக்கு ஒன்றாக நின்ற நாம் இதற்கும் ஒன்றாக நிற்போம்.